ஒகேனக்கல் ஒரு நாள்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கேட்டவையும் பதில்களும்

ஆறு, அருவி, பரிசல், பாதை பற்றிக் கேளுங்கள். லாட்ஜ் வாடகை, தள்ளுபடி பற்றி வேறு யாரையாவது கேளுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து: அண்ணா, ஞாயித்துக்கிழமை கார்ல போயிட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடலாமா? பெரியவங்க மூணு பேர், பசங்க ரெண்டு பேர்.

விடியற்காலை நாலு மணிக்குள் கிளம்பினால் முடியும். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, தருமபுரி, பென்னாகரம். போக மட்டும் சுமார் 250 கி.மீ. நிறுத்தி டீ குடிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி அன்று இந்த வழியே வேண்டாம், கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையைத் தாண்டுவதற்குள் பாதி நாள் போய்விடும்.

இறங்கியதும் முதலில் பரிசல். வெயில் ஏற ஏற வரிசை நீளும். அதை முடித்து, மீனைப் பார்த்து எடை போட்டு வாங்கி, சமைத்துக் கொடுக்கும் அம்மாக்களிடம் ஒப்படையுங்கள். மீன் விலை வேறு, சமையல் கூலி வேறு, எண்ணெய் யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். பிறகு மசாஜ், குளியல், கடைசியில் சாப்பாடு. இதைத் தலைகீழாக மாற்றி, எண்ணெய் வழியும் உடம்போடு பரிசலில் ஏறினால் பிடிமானம் இருக்காது.

பென்னாகரத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் நடுவில் காட்டுப்பாதை. யானை கடக்கும். செல்ஃபிக்கு நிறுத்தாதீர்கள். இருட்டுவதற்குள் திரும்பிப் பென்னாகரம் ஏறிவிட வேண்டும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: எந்த மாசம் தண்ணி நல்லா வரும் சார்?

மாதத்தைவிடக் கனஅடியை, அதாவது ஆற்றில் வரும் நீரின் அளவைப் பாருங்கள். நம் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. ஒகேனக்கல்லுக்கு வரும் காவிரி குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையை நம்பி இருக்கிறது. அங்கே கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி, உபரி நீரைத் திறந்தால் ஓரிரு நாளில் இங்கே வந்து சேரும். எனவே ஆடி, ஆவணியில் தண்ணீர் உண்டு, தடையும் உண்டு. புரட்டாசிக்குப் பிறகு பெரும்பாலும் நிதானமான ஓட்டம்.

ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. செய்தியில் 'விநாடிக்கு 10,000 கனஅடி' என்று வந்தால், ஒவ்வொரு விநாடியும் 2.83 லட்சம் லிட்டர் கடக்கிறது என்று பொருள். ஆயிரத்துக்குக் கீழே போனால் பாறைதான் அதிகம் தெரியும். லட்சத்தைத் தாண்டினால் அருவியே இருக்காது. பாறைகள் மூழ்கி, கரைக்குக் கரை செந்நீர்தான். மேட்டூர் 120 அடியைத் தொட்ட 2024 ஜூலைக் கடைசியில் அப்படித்தான் இருந்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மூன்று எண்களைப் பாருங்கள்: கபினித் திறப்பு, கிருஷ்ணராஜ சாகர் திறப்பு, பிலிகுண்டுலு வரத்து. முதல் இரண்டும் கூடிக்கொண்டே போனால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கம் ஓர் இரவு கொட்டினாலும் மறுநாள் வரத்து எகிறும், அதற்கு அணை திறக்க வேண்டியதில்லை.

பாகூரிலிருந்து: இந்த வாரம் குளிக்க விடுறாங்களா?

மேலே உள்ள பதில். தடையைப் போடுவதும் எடுப்பதும் தருமபுரி மாவட்ட நிர்வாகம். காலை நாளிதழில் வந்துவிடும்.

அரியாங்குப்பத்திலிருந்து: பரிசல்ல ஏழு வயசுப் பிள்ளையை ஏத்தலாமா? பயமா இருக்கு.

அளவான லைஃப் ஜாக்கெட் கிடைத்தால் ஏற்றலாம். போட்டு, எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, வாரை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரியவருக்கானது, தண்ணீரில் பிள்ளை கீழே நழுவிவிடும். சின்னது இல்லை என்றால் ஏற வேண்டாம், காத்திருங்கள்.

பரிசல் என்பது மூங்கில் பின்னலுக்கு அடியில் பிளாஸ்டிக் தாளும் தாரும் போட்ட வட்டத் தட்டு. அடிக்கட்டை கிடையாது, அதனால்தான் லேசாகத் துடுப்புப் போட்டாலே சுழல்கிறது. ஒரே பக்கம் சாயாமல் எதிரெதிரே, விளிம்பை ஒட்டி உட்காருங்கள். படம் எடுக்க எழுந்து நிற்பதுதான் கவிழ்வதற்கு முதல் காரணம். வேண்டுமென்றே சுற்றிக் காட்டுவது ஓட்டிகளின் வழக்கம். பிள்ளை மிரண்டால் 'சுத்த வேண்டாம்' என்று கரையிலேயே சொல்லிவிடுங்கள். கட்டணம் ஆளுக்கா, பரிசலுக்கா என்பதையும் டிக்கெட் வாங்கும் இடத்தில் கேளுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து, மறுபடி: சார், 2024 டிசம்பர்ல சாத்தனூர் திறந்து எங்க ஊரெல்லாம் வெள்ளம். அப்ப ஒகேனக்கல்லும் நிரம்பி வழிஞ்சிருக்கும்தானே?

அது தென்பெண்ணை. நந்தி மலையில் தொடங்கி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாக உங்கள் ஊரைத் தொட்டுக் கடலூரில் கடலில் சேர்கிறது. ஃபெஞ்சல் புயல் மழை அதில் இறங்கியது. காவிரி தலைக்காவிரியிலிருந்து வருகிறது. இரண்டும் கர்நாடகத்தில் பிறந்தவை என்பதைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

காட்டுமன்னார்கோவிலிலிருந்து: நெல்லிக்குப்பத்துக்காரர் விஷயத்தை விடுங்க. எங்க வீராணம் காவிரித் தண்ணிதான். ஏரி 47.5 அடி நிரம்பினா ஒகேனக்கல்ல தண்ணி இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கிளம்பலாம். பிலிகுண்டுலு எதுக்கு?

கண்ணை மூடிக்கொண்டு கிளம்பாதீர்கள். நடுவில் மேட்டூர் என்று ஒன்று இருக்கிறது. ஒகேனக்கல் மேட்டூருக்கு மேலே, வீராணம் கீழே. உங்கள் ஏரிக்கு வருவது மேட்டூரில் திறந்து, கொள்ளிடத்தில் கீழணைக்கு வந்து, வடவாற்றில் திருப்பிவிட்ட தண்ணீர். வழக்கமாக மேட்டூரைத் திறக்கும் ஜூன் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போன பருவத்தில் தேக்கியதை அன்றைக்கு விடுவார்கள். அதே நாளில் ஒகேனக்கல்லில் முழங்கால் தண்ணீர் இருக்கலாம்.

காட்டுமன்னார்கோவில்: ஐப்பசியில ஏரி நிரம்பினா?

அதில் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக வரும் அரியலூர் மழைத் தண்ணீரும் கலந்திருக்கும். அதற்கும் ஒகேனக்கல்லுக்கும் இன்னும் தூரம். பிலிகுண்டுலு எண்ணைப் பாருங்கள் ஐயா.

நெல்லிக்குப்பம்: நான் கேட்டது தப்புன்னா அவர் கேட்டதும் தப்புதானே!

அவர் கேட்டது சரியான ஆற்றைப் பற்றியாவது இருந்தது. அடுத்த கேள்வி.

முதலியார்பேட்டையிலிருந்து: மசாஜுக்கு எண்ணெய் கொண்டு போகணுமா?

நல்லெண்ணெய் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள், ஒருவருக்கு நூறு மில்லி தாராளம். கழுத்து வலி, முதுகுத் தண்டு அறுவை சிகிச்சை உள்ளவர்கள் கழுத்தைச் சொடுக்க விடாதீர்கள். எண்ணெய்க் காலோடு பாசிப் பாறையில் நடப்பதுதான் இங்கே எலும்பு முறிய வழி. சீயக்காய் போட்டுப் பாதத்தைத் தேய்த்துவிட்டு அருவிக்குப் போங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து: பஸ்ல ஒரே நாள்ல முடியுமா?

முடியாது. முந்தைய இரவே சேலம் போய், விடியற்காலையில் தருமபுரி, அங்கிருந்து ஒகேனக்கல் பேருந்து. காரில் சேலம் வழியாகத் திரும்புகிறவர்களுக்கும் ஒன்று: தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள். பிரேக் சூடாகி நிற்காத லாரிகள் பின்னால் வரும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் இடமல்ல.

வில்லியனூரிலிருந்து: குற்றாலம் பெட்டரா, இது பெட்டரா?

குற்றாலம் வேறு பயணம். அதைத் தென்காசிக்காரர்களிடம் கேளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: நாளைக்குத் தண்ணி எப்படி சார்?

கனஅடி. கனஅடி. கனஅடி.

பண்ருட்டியிலிருந்து: தடைன்னு பாதி வழியில தெரிஞ்சா என்ன பண்றது? பசங்க அழுவாங்க.

பென்னாகரம் தாண்டிவிட்டீர்கள் என்றால் முதலைகள் மறுவாழ்வு மையத்தைக் காட்டி, மீன் சாப்பிட்டுத் திரும்புங்கள். தடுப்பு போடாத மூலையில் 'தள்ளி நின்னு' குளிக்கப் பார்க்காதீர்கள், அங்கேதான் ஆழம் தெரியாது. செங்கத்திலேயே தெரிந்துவிட்டால் சாத்தனூர் அணைக்குத் திரும்பிவிடலாம். பூங்கா உண்டு, முதலைப் பண்ணையும் உண்டு. அது பெண்ணையாறு என்பதால் நெல்லிக்குப்பத்துக்காரரையும் கூட்டிப் போகலாம்.