குக்கர் விசில் வரும்வரை – கடிதம்

வணக்கம் அக்கா,

காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நுழைந்தால், பிள்ளைகள் இருவரையும் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு ஒன்பதரைக்கு நான் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதற்குள் சின்ன விஷயத்துக்கெல்லாம் அவர்கள்மேல் எரிந்து விழுந்துவிடுகிறேன். "மூச்சுப் பயிற்சி செய், கோபம் குறையும்" என்கிறார் வீட்டுக்காரர். யூடியூபில் பார்த்து ஆழமாக இழுத்து இழுத்து விட்டேன். தலை சுற்றியது, விரல்கள் மரத்துப்போயின. அதையும் தினம் இருபது நிமிடம் உட்கார்ந்து செய்ய வேண்டுமாம். அதற்கு நான் எங்கே போவேன்? உண்மையிலேயே இதில் ஏதாவது இருக்கிறதா?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

இருக்கிறது. ஆனால் நீங்கள் செய்தது தலைகீழ். "நல்லா இழுத்து விடு" என்றதும் எல்லாரும் இழுப்பதில்தான் மும்முரமாகிறோம். அப்படித் தொடர்ந்து பெரிது பெரிதாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்து, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றியதும் விரல் மரத்ததும் அதனால்தான்.

நமக்கு வேண்டியது வெளிமூச்சு. இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமெடுக்கும், விடும்போது தணியும். வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்குப் போடும் பிரேக், வெளிமூச்சில்தான் நன்றாகப் பிடிக்கிறது. அதனால் மூக்கால் நான்கு எண்ணும்வரை சாதாரணமாக இழுங்கள், ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை ஓடும் மூச்சு ஆறுக்கு இறங்கிவிடும். 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஜெபமாலையும் மந்திரமும் சொல்ல வைத்துப் பார்த்தபோதும் மூச்சு ஏறக்குறைய அதே ஆறில்தான் வந்து நின்றது. (சுலோகத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் என் மாமியாரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

இருபது நிமிடமும் கட்டாயமில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில் கொடுத்தது தினம் ஐந்து நிமிடம், ஒரு மாதம். வெளிமூச்சை நீட்டிப் பெருமூச்சு விட்டவர்களுக்கு, தியானம் செய்தவர்களைவிட மனநிலை கூடுதலாகத் தேறியது. அந்த ஐந்தையும் ஒரே இடத்தில் தேட வேண்டாம் என்பது என் கட்சி. குக்கர் விசிலுக்காக நிற்கிறீர்கள், வேனுக்காகத் தெருமுனையில் நிற்கிறீர்கள். அங்கே செய்யுங்கள். கண்ணை மூட வேண்டாம், பால் பொங்கிவிடும். நினைப்பு சாம்பாருக்கு ஓடினால் ஓடட்டும், எண்ணிக்கைக்குத் திரும்பினால் போதும். ஒன்று மட்டும்: கத்தப்போகிற நொடியில் முதன்முதலாக முயன்று பார்க்காதீர்கள். சும்மா நிற்கும்போது பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

சரி, வீட்டுக்காரர் விஷயம். மூச்சு உங்கள் படபடப்பைக் குறைக்கும், டிபன் பாக்ஸைக் கழுவித் தராது. 2024இன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு! பிள்ளைகளை வேனில் ஏற்றும் வேலையை அவரிடம் கொடுங்கள். தெருமுனைப் பயிற்சியை அவரே செய்துகொள்ளட்டும்.

அப்புறம், கோபத்தோடு அழுகையும் தூக்கமின்மையும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.