மாடு போய்விட்டது, நெஞ்சு மட்டும் ஏன் இன்னும் அடிக்கிறது?

கேள்வி: ஒரு விபத்திலிருந்து நூலிழையில் தப்பினேன். பத்து நிமிடம் கழித்தும் படபடப்பும் கை நடுக்கமும் நிற்கவில்லை. இது ஏதாவது நோயா?

நோய் இல்லை. எனக்கும் அப்படியே நடந்தது, அதுவும் இதைப் பாடமாக நடத்திய எனக்கு. சேலத்தில் பல வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுத்தவன் நான். 'நரம்பு வேகம், ஹார்மோன் மெதுவு' என்று நடுவில் கோடு போட்ட அட்டவணையைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேனோ, கணக்கில்லை.

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் ஸ்கூட்டரைத் திருப்புகிறேன், பனிமூட்டத்துக்குள் நடுரோட்டில் காட்டெருமை. பின்னால் இருந்த மச்சான் "மாமா!" என்று கத்தி முடிப்பதற்குள் விரல்கள் பிரேக்கைப் பிடித்துவிட்டன. இது முழுக்க நரம்பின் வேலை. தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகளில் செய்தி விநாடிக்கு 100 மீட்டர் வரைகூட ஓடும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசைய மொத்தமே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். மாடு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

அப்புறம்தான் கை ஆட ஆரம்பித்தது.

நான் பிரேக் பிடித்த அதே நேரத்தில் இன்னொரு நரம்புக்கிளை, பரிவு நரம்பு, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டியிருக்கிறது. என் அட்டவணை சொதப்பும் இடம் இதுதான். அந்தச் சுரப்பியின் உட்பகுதி பிறப்பால் நரம்பு இனம். நரம்பு முனை போலவே சரக்கை வெளியே விடுகிறது, ஆனால் பக்கத்துச் செல்லுக்கு அல்ல, ரத்தத்துக்குள். அந்தச் சரக்குதான் அட்ரினலின். இதயத்தை விரட்டும், கல்லீரலில் சேமித்த சர்க்கரையை அவிழ்த்துவிடும், தசைகளை நடுங்கவைக்கும்.

மேட்டூரில் மதகை மூடிவிட்டாலும், ஏற்கனவே திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றில் போய்க்கொண்டுதானே இருக்கும்? அதேதான். நரம்புச் செய்தி நின்றாலும் ரத்தத்தில் கலந்தது கலந்ததுதான்.

இதயமாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் இது பளிச்சென்று தெரியும். அறுவையில் நரம்புகள் அறுபட்டுவிடுவதால் புது இதயத்துக்கு மூளையின் நேரடி உத்தரவு கிடையாது. மாடிப்படி ஏறினால் நம் இதயம் உடனே வேகம் பிடிக்கும். அவர்களுடையது அட்ரினலின் வந்து சேரக் காத்திருந்து, தாமதமாகத்தான் ஏறும். உட்கார்ந்த பிறகு இறங்குவதும் மெதுவாகத்தான். சும்மா இருக்கும்போதே 90-க்கு மேல் துடிக்கும், கடிவாளம் பிடிக்கும் வேகஸ் நரம்பு இல்லாததால்.

சரி, உங்கள் பத்து நிமிடத்துக்கு வருவோம். அட்ரினலின் ரத்தத்தில் ரொம்ப நேரம் தங்காது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய காலியாகியிருக்க வேண்டும். ஆகாததற்குக் காரணம் நாம்தான். 'கொஞ்சம் தள்ளி வந்திருந்தால்?' என்று மனசுக்குள் காட்சியை ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மதகு இன்னொரு முறை திறக்கிறது. கூடவே கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வேறு நிதானமாக ஏறி, இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் உச்சிக்கு வரும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலே போனதும் ஒரு கடையில் ஸ்ட்ராங்காகக் காபி கேட்டேன். கடைக்கார அம்மா டம்ளரை நீட்டிவிட்டு, "ஏன் கண்ணு, கை இப்படி ஆடுது?" என்றார். காஃபின் அட்ரினலினை இன்னும் கிளப்பிவிடும் என்று வகுப்பில் சொன்னவன்தான் நான்! மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டிருக்க வேண்டும். வேகஸ் நரம்பை வேலை செய்யவைக்க நம் கையில் உள்ள வழி அது.

காரணமே இல்லாமல் அடிக்கடி இப்படிப் படபடத்தாலோ, நெஞ்சுவலி, மயக்கம் சேர்ந்து வந்தாலோ கதை வேறு. மருத்துவரைப் பாருங்கள்.

அட்ரினலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு: அது பாயும் நேரத்தில் நடந்ததை மூளை ஆழமாகப் பதிந்துகொள்ளும். சாயங்காலம் இறங்கும்போது பனி இல்லை, மாடும் இல்லை. பத்தாவது வளைவிலேயே நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிட்டது.