ஸ்டென்ட் வைத்த பிறகு பயிற்சிக்கும் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. மாரடைப்பு வந்து மூன்று வாரங்களுக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது 'இதய மறுவாழ்வுப் பயிற்சி' என்று வாரம் மூன்று நாள், 12 வாரங்களுக்கு வரச் சொல்கிறார்கள். கட்டணம் 18,000 ரூபாய். தெருவில் நடந்தால் போதாதா?

பதில்: ஆஸ்பத்திரிக் கடனே அடையாத வீட்டில் 18,000 சின்னத் தொகை இல்லை. 36 முறை போய்வரும் ஆட்டோ செலவையும், துணைக்கு வருபவர் இழக்கும் சம்பளத்தையும் சேர்த்துப் பாருங்கள். காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிச் செலவைத்தான் தரும். ஆனாலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய், இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்த இடத்தைத்தான் திறந்துவிட்டிருக்கிறது. அடைப்பை உண்டாக்கிய சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, பீடி எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. பயிற்சி மையத்தில் டிரெட்மில் பாதி வேலைதான். மாத்திரை, உணவு, புகை ஆகியவற்றை வாராவாரம் விசாரிப்பது மறுபாதி. பயம் போவதும் அங்கேதான். மாடிப்படி ஏறவே நடுங்கும் மனிதர், பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொள்ளும்போது தைரியமாக நடக்கிறார்.

பலன் உண்டா? 85 ஆய்வுகளில் இருந்த 23,430 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களிடம் இதய நோய் இறப்பும் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதும் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தன. எல்லாக் காரணங்களாலும் நேரும் மொத்த இறப்பு குறைந்ததாக உறுதியாகத் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்னொரு ஸ்டென்டுக்கு ஆகும் செலவை நினைத்தால், எனக்கு இந்த 18,000 வீண் செலவாகத் தோன்றவில்லை.

அதற்காக முழுத்தொகையையும் கட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயத்தின் பம்பிங் நன்றாக இருந்து, நடக்கும்போது நெஞ்சுவலியும் இல்லை என்றால், முதல் நான்கைந்து முறை மட்டும் மையத்தில் கற்றுக்கொண்டு மீதியை வீட்டிலேயே தொடரலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். முறையாகத் திட்டமிட்ட வீட்டுப் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. பம்பிங் குறைவு, துடிப்பில் ஒழுங்கின்மை, நடந்தால் வலி என்று எது இருந்தாலும் சிக்கனம் பார்க்காதீர்கள். 12 வாரமும் மையத்துக்கே போகட்டும்.

வீட்டில் நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுவே அளவு. நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே உட்கார வேண்டும். சில நிமிடங்களில் சரியாகவில்லை என்றால் 108. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை மட்டும், பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.