தோட்டா பெல்ட்டில் பச்சை: தேங்காய் எண்ணெய் வேண்டாம்

உசிலம்பட்டி நண்பருக்கு வணக்கம். தாத்தாவோட 12 போர் (bore) வேட்டைத் துப்பாக்கித் தோட்டா வைக்கிற தோல் பெல்ட்டுல, தோட்டாக்களின் பித்தளை அடி பச்சை பூத்திருக்கு, தேங்காய் எண்ணெய் தடவலாமான்னு கேட்டிருக்கீங்க.

தயவுசெய்து தடவாதீங்க. அந்தக் கால பெல்ட் பெரும்பாலும் ஆவாரம்பட்டை மாதிரி பட்டைச்சாறில் பதப்படுத்தின தோல். அதிலிருக்கிற அமிலமும் கொழுப்பும் பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்துதான் பச்சை வருது. எண்ணெய் விட்டால் இன்னும் வேகமா பூக்கும், தோட்டா செருகுற தோல் வளையங்களான கண்ணிகளும் தொளதொளன்னு ஆயிடும்.

முதல்ல தோட்டாக்கள். லைசென்ஸ் உங்க பேரில் இல்லைன்னா, தாமதிக்காம காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைங்க. 1959 ஆயுதச் சட்டத்தில் அதுக்கு வழி இருக்கு. பச்சை பூத்ததைச் சுரண்டிச் சுடவே கூடாது. அட்டைக் கூடு உள்ள பழைய தோட்டா ஈரத்தில் உப்பியிருக்கும், கண்ணிக்குள்ள இறுகி நிக்கும். மேலே இழுத்தா கூடு கிழியும். கீழிருந்து விரலால் மெதுவா தள்ளுங்க. வரலைன்னா பெல்ட்டோடவே ஒப்படைச்சிடலாம்.

காலி பெல்ட் கைக்கு வந்தா, கண்ணிக்குள்ள இருக்கிற பச்சையை மூங்கில் குச்சியால சுரண்டி, உலர்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால தட்டி எடுங்க. அந்தத் தூள் நஞ்சு, மூக்கை மூடிக்கோங்க. சுருங்கின கண்ணியை ஈரத்துணியால லேசா நனைச்சு, 20 மில்லிமீட்டர் மர உருளையைச் செருகி நிழலில் காயவிடுங்க. மதுரை வெயில்ல வெச்சா தோல் வெடிச்சிடும். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டாம பருத்தித் துணியில் சுற்றி வைங்க.