வாசகர் கேள்வி – பதில்: பழைய தீயணைப்பு வண்டி வாங்குமுன்

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூடிக் கிடக்கும் பஞ்சாலை ஒன்றில், 1970-களில் ஆலையின் சொந்த உபயோகத்துக்காக வாங்கிய அசோக் லேலண்ட் காமெட் தீயணைப்பு வண்டி நிற்கிறது. பழைய இரும்பு விலைக்கே தருவதாக உரிமையாளரின் பிள்ளைகள் சொல்கிறார்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. மீட்டரில் 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. தோப்பில் வைத்துப் பராமரிக்கவும், வைக்கோல் படப்பு தீப்பற்றினால் அவசரத்துக்கு உதவிக்கொள்ளவும் ஆசைப்படுகிறேன். வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: வாங்கலாம். ஆனால் மீட்டரில் உள்ள 19,000 கிலோமீட்டரை நம்பி வாங்காதீர்கள். தீயணைப்பு வண்டி ஓடித் தேய்வதைவிட நின்ற இடத்தில் தேய்வதுதான் அதிகம். கியர் பாக்ஸிலிருந்து பி.டி.ஓ. (இன்ஜினின் சக்தியைப் பம்புக்குப் பிரித்துத் தரும் அமைப்பு) வழியாகப் பம்பைச் சுழற்றும்போது சக்கரம் அசையாது, மீட்டரும் ஏறாது. இன்ஜின் மட்டும் மணிக்கணக்கில் உயர்ந்த வேகத்தில் உழைத்துக்கொண்டிருக்கும். அழைப்பு வந்தவுடன் குளிர்ந்த இன்ஜினைச் சூடேற விடாமல் விரட்டுவதும் இந்த வண்டிகளுக்கு வாடிக்கை. எனவே ஓடிய தூரம் குறைவு என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

வண்டியைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, அல்லது ஆலை மூடியபோது ஒப்படைக்கப்பட்டு ரத்தாகிவிட்டதா என்பதைப் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பதிவுகளில் பல இன்னும் கணினியில் ஏறாமல் பழைய பேரேட்டிலேயே கிடக்கின்றன. இணையத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்து விவரம் வரவில்லை என்பதற்காகப் பதிவே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். ஆலை கம்பெனியின் பெயரில் வண்டி இருந்தால், பிள்ளைகள் கையெழுத்திட்டு விற்றுவிட முடியாது. கம்பெனியின் சார்பில் விற்க அதிகாரம் பெற்றவர் யார் என்பதையும், வங்கிக் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாக இருக்கிறதா என்பதையும் வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்குத் தனிப் பதிவு உண்டே என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் அசல் நிலையில் உள்ள வாகனத்துக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குப் பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். ஆனால் அந்த விதி சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வாகனங்களையும் ஆள் ஏறும் கார் வகையையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. தீயணைப்பு வண்டியோ மத்திய அரசின் வகைப்பாட்டில் போக்குவரத்து வாகனம். ஆகவே சாலையில் ஓட்ட வேண்டுமானால் லாரியைப் போலவே ஆண்டுதோறும் எப்.சி., காப்பீடு, பழைய வண்டிக்கான கூடுதல் கட்டணங்கள் எல்லாம் உண்டு. ஓட்டுபவருக்குக் கனரக வாகன உரிமமும் வேண்டும். இந்த வகைக்கு எப்படிப் பெயர் மாற்றித் தருவார்கள் என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறுங்கள். பதிவு கிடைக்காது என்று தெரிந்தால், தோப்புக்குள்ளேயே நிறுத்தி வைக்கும் எண்ணத்தோடு, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டுபோகும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

இனி வண்டி. சாதாரண லாரி சரக்கை இறக்கிவிட்டு ஓய்வெடுக்கும். தீயணைப்பு வண்டியோ எந்நேரமும் தண்ணீரைச் சுமந்துகொண்டே நிற்கும். இந்தியத் தர நிர்ணயத்தில் ‘பி’ வகை எனப்படும் தண்ணீர் வண்டியின் தொட்டி 4,500 லிட்டர், அதாவது நான்கரை டன். ஆண்டுக்கணக்கில் அந்தப் பாரத்தைத் தாங்கிய பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்) தளர்ந்திருக்கும். எடை மேடையைப் போன்ற சமதளமான கான்கிரீட் தரையில் வண்டியை நிறுத்தி, தரையிலிருந்து சேஸிஸ் விளிம்பு வரை இடமும் வலமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பட்டை மாற்ற வேண்டும், பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் பின்களும் தேய்ந்திருக்கும். அது பெரிய செலவு இல்லை. காமெட்டுக்குப் பட்டை கட்டித் தருபவர்கள் மதுரையிலேயே இருக்கிறார்கள்.

பெரிய செலவு தொட்டியின் அடியில் இருக்கிறது. தொட்டியிலிருந்து கசியும் நீர் சேஸிஸின் மேல் விளிம்புக்கும் தொட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே தேங்கி, வெளியே தெரியாமல் உள்ளே அரிக்கும். மேலே பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். நீங்கள் பழைய துணியில் படுத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில், சின்னச் சுத்தியலால் சேஸிஸை அரை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் சத்தம் மங்கி, செதில் செதிலாகத் துரு கொட்டும். தட்டிய இடத்தில் சுத்தியலின் முனை பதிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். கேபினுக்கும் பின்பக்கப் பெட்டிகளுக்கும் உள்ளே மரச்சட்டம் வைத்துத் தகடு அடிப்பது அந்தக் காலத்து வழக்கம். நம் ஊர் வெயிலில் மரம் உளுக்காமல் தப்பினாலும் கரையானிடமிருந்து தப்பியிருக்காது. கதவுக் கீலைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தொட்டியின் மூடியைத் திறந்து மேலிருந்து மட்டும் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே இறங்கவோ யாரையும் இறக்கவோ வேண்டாம். மூடிக் கிடந்த இரும்புத் தொட்டியில் துரு பிடிக்கும்போது அது உள்ளிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. இறங்கியவர் மயங்கி விழுந்த பிறகுதான் வெளியே நிற்பவருக்குத் தெரியும். நீர் அலைமோதாமல் இருக்கத் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கும். அவை துருப்பிடித்து விழுந்துவிட்ட வண்டியைப் பாதித் தண்ணீரோடு ஓட்டினால், பிரேக் அடிக்கும் கணத்தில் இரண்டு டன் நீர் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். தகடுகள் முழுதாக இருக்கின்றன என்று உறுதியாகும் வரை காலியாகவோ முழுதாக நிரப்பியோதான் ஓட்ட வேண்டும்.

டயரில் பட்டன் தேயாமல் இருப்பதைக் காட்டுவார்கள். பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2000-க்கு முந்தைய டயர்களில் மூன்று இலக்கம்தான் இருக்கும், அதைக் கண்டால் மேற்கொண்டு யோசிக்கவே தேவையில்லை. ரிங் போட்ட பழைய சக்கர டிஸ்க்குகளில் காற்றடிக்கும்போது ரிங் தெறித்து ஆளையே கொன்றுவிடும். இரும்புக் கூண்டு வைத்திருக்கும் பஞ்சர் கடையில் மட்டும் காற்றடிக்கச் சொல்லுங்கள். பழைய பிரேக் லைனிங்கிலும் சைலன்சர் மேல் சுற்றிய நாரிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால், மெக்கானிக் டிரம்மைக் காற்றடித்து ஊதாமல் நனைத்துத் துடைக்கட்டும்.

விலை முடிவாகும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பித்தளை மணி, கன்மெட்டல் இணைப்புகள், நீர் பீய்ச்சும் குழல்கள் எல்லாம் எடைக்குப் போட்டால் நல்ல காசு பெறும். பேசும்போது வண்டியில் இருந்த பொருள்கள், எடுக்கப் போகும்போது இருக்காது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, ஒப்பந்தத்தில் பெயர் பெயராக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: நான் பார்த்த வண்டியில் பம்ப் சுற்றுகிறது. அது போதுமா? எங்கள் கிணறு 60 அடி ஆழம். அதிலிருந்து நேராக உறிஞ்சுமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: சுற்றுவதற்கும் உறிஞ்சுவதற்கும் நெடுந்தூரம். முதலில் தண்ணீரே இல்லாமல் ஒரு சோதனை செய்யுங்கள். தொட்டி வால்வையும் எல்லா வெளியேற்று வாய்களையும் மூடி, உறிஞ்சு வாய்க்கு ரப்பர் வாஷரோடு மூடியைப் போட்டு, பிரைமரை இயக்கிப் பம்பிலிருக்கும் காற்றை வெளியே இழுங்கள். வெற்றிட மானி 22 அங்குலம் (பாதரச அளவு) வரை ஏற வேண்டும். பிரைமரை நிறுத்திய பிறகு 5 நிமிடத்தில் 10 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. அமெரிக்கத் தீயணைப்புத் துறைகள் பின்பற்றும் அளவு இது. பழைய பம்புக்கும் நேர்மையான உரைகல். வேகமாக இறங்கினால் கிளாண்டிலோ (பம்பிலிருந்து ஷாப்ட் வெளியே வரும் இடத்து அடைப்பு) வால்விலோ காற்று புகுகிறது. காது கொடுத்துக் கேட்டால் ‘உஸ்’ என்ற சத்தத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

பிறகு கண்மாய்க் கரையிலோ தொட்டிக் கரையிலோ நிறுத்தி, தண்ணீரோடு 20 நிமிடமாவது ஓட்டுங்கள். ‘பி’ வகை வண்டியின் பம்ப் 7 கிலோ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 1,800 லிட்டர் தள்ள வேண்டும். அரை நூற்றாண்டு கடந்த பம்பிடம் அதை முழுதாக எதிர்பார்க்க வேண்டாம். அழுத்தம் நிலையாக நிற்கிறதா, இன்ஜின் சூடேறுகிறதா என்பதைப் பாருங்கள். கயிறு அடைத்த கிளாண்டில் ஓடும்போது துளித்துளியாகச் சொட்டுவது குற்றமில்லை, அதுதான் ஷாப்டைக் குளிர்விக்கிறது. அதை நிறுத்துகிறேன் என்று இறுக்கினால் ஷாப்ட் கருகிவிடும். நின்றுகொண்டே உழைக்கும் இன்ஜினைக் குளிர்விக்கச் சில வண்டிகளில் பம்பின் தண்ணீரே ஒரு சுருள் குழாய் வழியாகப் போய்வரும். அந்தக் குழாய் ஓட்டையானால் கண்மாய்ச் சேறு ரேடியேட்டருக்குள் வந்துவிடும் என்பதால், சோதனை முடிந்ததும் ரேடியேட்டர் நீரின் நிறத்தைப் பாருங்கள்.

60 அடிக் கிணற்றிலிருந்து உறிஞ்சாது. இது பம்பின் குறை இல்லை. நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான்; கணக்குப்படி 10 மீட்டருக்குச் சற்று அதிகம், நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 23 அடி. நீர்மட்டம் அதற்குக் கீழே போனால் எந்தப் புதுப் பம்பும் மேலிருந்து இழுக்காது. கிணற்று மோட்டாரால் ஒரு தரைத் தொட்டியை நிரப்பி, அதிலிருந்து வண்டிக்கு எடுங்கள். ஹோஸ் புதிதாகவே வாங்குங்கள். 63 மில்லிமீட்டர் இணைப்பு இன்றைக்கும் அதே தரம் என்பதால் கடையில் வாங்குவது பழைய வாயில் பொருந்தும்.

கேள்வி: அரசுத் தீயணைப்பு நிலையத்தில் கழித்துவிடும் வண்டியை ஏலத்தில் எடுத்து ஓட்ட முடியுமா?
– வாசகர், மேலூர்

பதில்: முன்பு முடிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு காலாவதியாகிறது. அவை பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். பாதுகாப்புப் படைக்கும் சட்டம் ஒழுங்குக்கும் உரிய சிறப்பு வாகனங்களுக்கு மட்டுமே விலக்கு. எனவே “ஏலத்தில் எடுத்தேன், பேப்பர் பின்னால் வரும்” என்று சமீபத்திய அரசு வண்டியை யாராவது காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். அதற்கு முன்பே ஏலத்தில் போய், தனியார் பெயரில் முறையாக மாறியவையும், ஆலைகளும் தொழிற்சாலைகளும் தாங்களே வைத்திருந்தவையும்தான் இனி நமக்குக் கிடைக்கக்கூடியவை. நல்ல நிலையில் இருக்கும் பழைய வண்டிகள்கூட உடைப்புக்குப் போவது எனக்கு வருத்தம்தான். அதனாலேயே, கிடைத்ததை வாங்குபவர்கள் தொட்டியை வெட்டித் தண்ணீர் லாரியாக்கிவிடாமல் அப்படியே காக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

கேள்வி: வண்டியை வாங்கிவிட்டேன். சைரனையும் சுழல் விளக்கையும் வைத்துக்கொள்ளலாமா? பின்பக்கம் இருக்கும் நுரைத் திரவத்தை என்ன செய்வது?
– வாசகர், அலங்காநல்லூர்

பதில்: சைரனும் சுழல் விளக்கும் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல் போன்ற அவசரப் பணிக்கு மட்டுமே விதிகள் அனுமதிப்பவை. பொங்கல் கூட்டத்தில் உங்கள் வண்டியின் சைரன் கேட்டு மக்கள் வழிவிடப் பழகினால், நாளைக்கு நிஜ வண்டி வரும்போது யாரும் நகர மாட்டார்கள். அழகுக்காக அவை கூரைமேல் இருக்கட்டும். ஒயரைத் துண்டித்து, சாலையில் செல்லும்போது விளக்கை உறையிட்டு மூடிவிடுங்கள். கதவில் அரசு முத்திரையோ துறையின் பெயரோ இருந்தால் அழித்துவிடுங்கள். சிவப்பு வண்ணத்துக்குத் தடை இல்லை.

நுரைத் திரவத்தை வாய்க்காலிலோ கண்மாயிலோ ஊற்றவே கூடாது. அந்த வகைத் திரவங்கள் பலவற்றில் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடும் ஃப்ளோரின் சேர்மங்கள் இருக்கின்றன. கிணற்று நீரில் கலந்தால் எடுக்க வழியில்லை. கேனில் பிடித்து, மூடி முத்திரையிட்டு, அபாயகரமான கழிவுகளைக் கையாள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிறுவனத்திடம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அது போகும் வரை அந்தத் தொட்டியின் வால்வைக் கம்பி கட்டிப் பூட்டி வையுங்கள்.