விமான டிக்கெட்டில் காசை மிச்சம் பிடிப்பது எப்படி? கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறைக்கும் பொங்கலுக்கும் விமானத்தில் போகத் திட்டமிடுகிறவர்கள் கட்டணம் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கணக்கு காட்டுவதற்காக எழுதியிருக்கும் டிக்கெட் விலைகள் புரிவதற்காக மட்டுமே. நீங்கள் தேடும் நாளில் அவை வேறாக இருக்கும்.

மதுரையிலிருந்து: செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் எடுத்தால் குறையும், இன்காக்னிட்டோவில் (உலாவியின் மறைநிலைப் பக்கத்தில்) தேடினால் குறையும் என்று சொல்கிறார்களே, உண்மையா சார்?

இரண்டையும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். எகானமி இருக்கைகள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் விற்பனைக் கணினியில் அவை பல விலைப் படிகளாகப் பிரிந்திருக்கும். கீழ்ப்படிக்கு ஒதுக்கிய இருக்கைகள் தீர்ந்ததும் அடுத்த படியின் விலை வரும். காலையில் 7,800 ரூபாய் காட்டியது மாலையில் 9,400 ஆனால், இடையில் யாரோ அந்த இருக்கைகளை வாங்கிவிட்டார்கள் அல்லது நிறுவனமே அந்தப் படியை மூடிவிட்டது என்று அர்த்தம். நீங்கள் எத்தனை தடவை தேடினீர்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தேடல் தளங்கள் சில நேரம் பழைய விலையையே காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போய்க் கிளிக் செய்த பிறகுதான் உண்மையான விலை வரும். அதைப் பார்த்துத்தான் "நம்மைக் கண்டுபிடித்து ஏற்றிவிட்டான்" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

கிழமைக்கு மதிப்பு உண்டு, ஆனால் அது டிக்கெட் எடுக்கும் கிழமைக்கு அல்ல, பறக்கும் கிழமைக்கு. வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். செவ்வாய், புதன் கிளம்ப முடிகிறவருக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

சேலத்திலிருந்து: நாங்கள் நான்கு பேர். ஒருவருக்குத் தேடினால் ஒரு விலை, நால்வருக்குத் தேடினால் தலைக்கு வேறு விலை. ஏன்?

இதுவும் அந்தப் படிக் கணக்குதான். 7,800 ரூபாய்ப் படியில் இரண்டே இருக்கைகள் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நால்வருக்குக் கேட்டால் கணினி நால்வருக்கும் சேர்ந்தாற்போல் இடம் உள்ள படியைத் தேடி, எல்லோரையும் 9,400-க்கு ஏற்றிவிடும். மொத்தம் 37,600. இரண்டு பேருக்கு 7,800, மற்ற இரண்டு பேருக்கு 9,400 என்று பிரித்து எடுத்தால் 34,400. அதே விமானத்தில் 3,200 ரூபாய் மிச்சம்.

செய்யும் முறை: முதலில் நால்வருக்குத் தேடி விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூவர், இருவர், ஒருவர் என்று இறங்குங்கள். எந்த எண்ணிக்கையில் தலைக்கு விலை விழுகிறதோ அத்தனை பேருக்கு முதலில் எடுத்துவிட்டு, உடனே, அதே பத்து நிமிடத்துக்குள், மற்றவர்களுக்கு எடுங்கள்.

குழந்தைகள் இருந்தால் ஒரு கவனம் தேவை. 12 வயது வரையிலான குழந்தைக்கு, அதே பிஎன்ஆரில் வரும் பெற்றோர் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று நம் நாட்டு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டிஜிசிஏ 2024-ல் நம் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. பிரிக்கும்போது அப்பாவோடு ஒரு பிள்ளை, அம்மாவோடு ஒரு பிள்ளை என்று பிரியுங்கள். பெரியவர்கள் இருவர் ஒரு பிஎன்ஆர், பிள்ளைகள் இருவர் இன்னொரு பிஎன்ஆர் என்று போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். விமானம் ரத்தானாலும் இரண்டு பிஎன்ஆரையும் தனித்தனியாகவே மாற்றிக் கொடுப்பார்கள். மிச்சம் ஆயிரம் ரூபாய்க்குக் குறைவு என்றால் இந்த வேலையே வேண்டாம்.

சென்னையிலிருந்து: மே மாதம் சிங்கப்பூர் போக ஆசை. ஒவ்வொரு வருடமும் விலையைப் பார்த்துத் தள்ளிப்போடுகிறோம். எந்த வாரம் போனால் கட்டுப்படியாகும்?

நம் விடுமுறையை மட்டும் பார்த்தால் போதாது, அவர்கள் விடுமுறையையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஆண்டின் நடு விடுமுறை மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூன் முடிய, ஏறத்தாழ நான்கு வாரம். அங்கே வேலை செய்யும் நம்மவர்கள் பிள்ளைகளோடு ஊருக்குக் கிளம்புவது அப்போதுதான். ஆகவே மே கடைசி வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னை, திருச்சி வரும் விமானங்கள் நிரம்பி வழியும். நீங்கள் சிங்கப்பூரைச் சுற்றிவிட்டு ஊர் திரும்புவதும் அதே நாட்களில், அதே திசையில். போகும் டிக்கெட் மலிவாக இருந்தும் மொத்தம் ஏறுவதற்கு இந்தத் திரும்பும் டிக்கெட்தான் காரணம்.

என் யோசனை: மே முதல் வாரம் முடிந்ததும் ஒரு செவ்வாயோ புதனோ கிளம்பி, மே 20-க்குள் திரும்பிவிடுங்கள். மே 1 அங்கே பொது விடுமுறை. விசாக தினமும் பெரும்பாலும் மே மாதத்தில் வரும். அந்த விடுமுறைகள் வார இறுதியை ஒட்டி வந்தால் அந்த மூன்று நாட்களைத் தவிருங்கள். ஜனவரியிலேயே கூகுள் ஃப்ளைட்ஸில் உங்கள் தேதியைப் போட்டு விலைக் கண்காணிப்பை இயக்கி வையுங்கள். பள்ளி விடுமுறைப் பயணத்துக்குக் கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். மார்ச் பாதிக்குள் மனதுக்கு ஒத்த விலை வந்தால் எடுத்துவிடுங்கள்.

வளைகுடாவுக்கும் இதே தர்க்கம்தான். அங்கே பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். ஜூன் கடைசியில் அங்கிருந்து இங்கே வருவதும், ஆகஸ்ட் கடைசியில் இங்கிருந்து அங்கே போவதும் உச்ச விலை. எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு அதே வாரத்தில் மலிவாகக் கிடைக்கும்.

தஞ்சாவூரிலிருந்து: கோலாலம்பூருக்குத் திருச்சியா, சென்னையா? எதில் தேடுவது என்றே குழப்பமாக இருக்கிறது அண்ணா.

தனித்தனியாகத் தேடவே வேண்டாம் தம்பி. கூகுள் ஃப்ளைட்ஸில் "எங்கிருந்து" என்ற கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிலையங்களைச் சேர்க்கலாம். திருச்சி, சென்னை, மதுரை, கொச்சி, பெங்களூரு எல்லாவற்றையும் போட்டுவிட்டு, தேதிக் கட்டத்தைத் திறந்தால் மாதம் முழுதும் எந்த நாளில் எவ்வளவு என்று தெரியும். ஸ்கைஸ்கேனரில் தேதிக்குப் பதில் முழு மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் தேடுவதற்கு மட்டும். வாங்குவதை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். உங்களுக்குத் திருச்சி விமான நிலையம் ஒரு மணி நேரப் பயணம். சென்னை என்றால் இரவுப் பேருந்து, நான்கு பேருக்குப் போகவர எட்டு டிக்கெட், நடுவில் ஆட்டோ, சாப்பாடு. சென்னையில் தலைக்கு 1,000 ரூபாய் குறைந்தாலும் உங்களுக்குத் திருச்சிதான் லாபம்.

கோவையிலிருந்து: மலிவு விமானத்தில் எடுத்தோம். கடைசியில் பெரிய நிறுவனத்தின் விலையே வந்துவிட்டது. எங்கே தவறு?

முதல் திரையில் பார்த்த எண்ணை வைத்து முடிவு செய்ததில்தான். ஏர்ஏசியா போன்ற நிறுவனங்களின் அடிப்படைக் கட்டணத்தில் கைப்பை 7 கிலோ மட்டும்தான் சேர்த்தி. சரக்குப் பெட்டி (கவுன்டரில் கொடுத்து அனுப்பும் பெட்டி), சாப்பாடு, விரும்பிய இருக்கை எல்லாம் தனிக்காசு. அதன் மேல் தலைக்கு இவ்வளவு என்று கன்வீனியன்ஸ் ஃபீ. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலும் சரக்குப் பெட்டி இல்லாத மலிவுக் கட்டணம் ஒன்று உண்டு. தெரியாமல் அதை எடுத்துவிட்டுக் கவுன்டரில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

ஒப்பிடும்போது இரண்டு தளத்திலும் பணம் கட்டும் பக்கம் வரை போங்கள். இரண்டிலும் 20 கிலோ பெட்டியைச் சேருங்கள், இருக்கை வேண்டாம் என்று தள்ளுங்கள், அப்போது வரும் மொத்தத்தை எழுதி வையுங்கள். பெட்டியை டிக்கெட் எடுக்கும்போதே வாங்குவதுதான் மலிவு. விமான நிலையத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், நெஞ்சு வலிக்கும். நால்வருக்கு நான்கு பெட்டி எதற்கு? போகும்போது ஒன்று, திரும்பும்போது இரண்டு என்று திசைக்குத் தகுந்தாற்போல் வாங்கலாம். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. கிளம்பும் முன் கைப்பையை வீட்டுத் தராசில் போட்டுப் பாருங்கள். வெறும் டிராலி மட்டுமே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். 7 கிலோவில் உங்கள் துணிக்கு மிஞ்சுவது நான்குதான்.

ஈரோட்டிலிருந்து: சென்னையிலிருந்து பாலிக்கு ஒரே டிக்கெட் விலை அதிகம். கோலாலம்பூர் வரை ஒன்று, அங்கிருந்து பாலிக்கு வேறு நிறுவனத்தில் ஒன்று என்று தனியாக எடுத்தால் குறைகிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆபத்தைத் தெரிந்துகொண்டு எடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டுவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இரண்டாவது டிக்கெட்டின் காசு போனதுதான். பெட்டியைக் கோலாலம்பூரில் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்குக் குடிவரவைத் தாண்டி வெளியே வந்தாக வேண்டும், ஆகவே மலேசியாவின் நுழைவு விதிகள் உங்களுக்குப் பொருந்தும். அங்கே முனையங்கள் இரண்டு. ஏர்ஏசியா இரண்டாம் முனையம், பெரிய நிறுவனங்கள் பல முதல் முனையம். நடுவே ரயில் ஏற வேண்டும்.

குறைந்தது ஐந்து மணி நேர இடைவெளி வையுங்கள். அந்த நாளின் கடைசி பாலி விமானத்தை எடுக்காதீர்கள், அதை விட்டால் இரவு அங்கேதான். பாங்காக்கில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சுவர்ணபூமியும் டான் முவாங்கும் ஊரின் வேறு வேறு பக்கத்தில் உள்ள வேறு வேறு விமான நிலையங்கள். குறைவது தலைக்கு 2,000 ரூபாய்தான் என்றால், குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் ஒரே டிக்கெட்டைத்தான் சொல்வேன்.

புதுச்சேரியிலிருந்து: டிக்கெட் விற்கும் வேறு தளங்களில் 500 ரூபாய் குறைவாக இருக்கிறதே?

அந்த 500 வங்கி அட்டைத் தள்ளுபடியாக இருந்தால் அதே தள்ளுபடி விமான நிறுவனத்தின் தளத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒருவர் இருந்தால் நேர மாற்றம், ரத்து, பணம் திரும்புதல் எல்லாம் அவர் வழியாகச் சுற்றி வரும். அவர் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் விமான நேரம் மாறிய செய்தியே உங்களுக்கு வராது. அப்படி எடுத்துவிட்டால், பிஎன்ஆரை வைத்து நிறுவனத்தின் தளத்தில் நுழைந்து உங்கள் கைப்பேசி எண்ணை அன்றே சேர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுத் தளத்தில் வெளிநாட்டு நாணயத்தில் கட்டுவதும் கவனிக்க வேண்டியது. பல கிரெடிட் கார்டுகள் 3.5 சதவீதம் எடுக்கும், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 40,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 1,400, அதன் வரி 252, ஆக 1,652 ரூபாய். 500 மிச்சம் எங்கே போனது என்று பாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: பணம் திரும்பாத டிக்கெட்டை ரத்து செய்தால் ஒன்றுமே வராதா?

வரும். கேட்காமல் விடுகிறார்கள், அதுதான் வருத்தம். டிஜிசிஏ விதிப்படி, சலுகைக் கட்டணமாக இருந்தாலும், நீங்கள் விமானத்துக்கே போகாவிட்டாலும், அரசு வரிகளையும் பயனாளர் கட்டணம் போன்ற விமான நிலையக் கட்டணங்களையும் நம் விமான நிறுவனங்கள் திருப்பித் தர வேண்டும். ரத்துக் கட்டணமாக அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டி எடுக்கக் கூடாது. பணத்தைக் கிரெடிட் ஷெல்லில் (அடுத்த டிக்கெட்டுக்காக நிறுவனத்திடமே இருக்கும் கணக்கில்) வைப்பதா, கையில் வாங்குவதா என்பது உங்கள் விருப்பம். டிக்கெட்டின் கட்டண விவரப் பகுதியைத் திறந்து வரி, கட்டணங்களைக் கூட்டிப் பாருங்கள், அந்தத் தொகையைச் சொல்லியே கேளுங்கள்.

லண்டனிலிருந்து: பிள்ளைகளுக்கு 13, 15 வயது. சென்னைக்கு டிக்கெட் எடுக்கும்போது பெரியவர் கணக்கில்தான் வருகிறது.

பிரிட்டனிலிருந்து கிளம்பும் பயணத்துக்கு ஏபிடி என்ற வரி உண்டு. எகானமியில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த வரி கிடையாது. ஆனால் பல தளங்கள் 12 வயது ஆனதும் பெரியவர் என்று எடுத்துக்கொள்ளும். 12 முதல் 15 வயதுக்குத் தனித் தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் பிறந்த தேதியைக் கொடுத்த பிறகு வரி கழிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வர தூத்துக்குடி, மதுரை விலை எட்டவில்லை.

திருவனந்தபுரம் பாருங்கள். அங்கிருந்து நாகர்கோவில் சுமார் 70 கிலோமீட்டர்தான், ரயிலும் பேருந்தும் உண்டு. தூத்துக்குடிக்கு ஓடும் ஏடிஆர் விமானத்தில் எண்பதுக்கும் குறைவான இருக்கைகள், பொங்கல் கூட்டத்துக்கு அது சட்டென்று தீர்ந்துவிடும்.

விழுப்புரத்திலிருந்து: பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் காலி. டிக்கெட்டில் என்ன போடுவது சார்?

நம்மில் பலருக்கு உள்ள சிக்கல். முதற்பெயர், கடைசிப் பெயர் இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போடச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு, வேறு விதமாகக் கேட்பவையும் உண்டு. பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்திருந்தால் டிக்கெட்டிலும் விரித்தே எழுதுங்கள். மலிவு டிக்கெட்டில் பெயர் திருத்தக் கேட்கும் கட்டணம் சில நேரம் டிக்கெட் விலையையே நெருங்கும்.

இன்னொன்றும் பாருங்கள். சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 10-ஆம் தேதி 00:40 என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 9-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கு. 10-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்கிறவர்கள் புது டிக்கெட்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதுவும் அன்றைய விலையில்.