ஹவாயின் கடல் ஆய்வுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் அம்மா. என் மகளுக்கு ஹவாய் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகத்தில், சோயஸ்ட் என்கிற கடல், புவி அறிவியல் பள்ளியில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகையும் உண்டு. ஆனால் அது அமெரிக்க அரசின் பணமாம். அரசு கையை விரித்துவிட்டால் அவள் படிப்பு என்ன ஆகும்?
- ஒரு தந்தை

பதில்: மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். அந்தப் பள்ளியின் ஆய்வுப் பயணங்களில் கடல்நீரைச் சோதிக்கும் வேலை பார்த்தவள் நான். அங்கே எந்தக் காசு எந்த வழியாக வரும் என்பது ஓரளவு தெரியும்.

முதலில், மாநில அரசு தருவது வேறு, வாஷிங்டன் தருவது வேறு. நிரந்தரப் பேராசிரியர்களின் சம்பளம், வகுப்பு போன்றவற்றுக்கு மாநிலம் பணம் ஒதுக்கும். ஆய்வுச் செலவில் பெரும்பகுதி, தேசிய அறிவியல் அறக்கட்டளை, நோவா என்கிற அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனம், நாசா, கடற்படை ஆகியவற்றிடம் விண்ணப்பம் போட்டு, பிற பல்கலைக்கழகங்களோடு போட்டியிட்டு வாங்கும் மானியம். கப்பலும் அப்படித்தான். 2002-இல் வந்த 'கிலோ மோவானா' கடற்படைக்குச் சொந்தம். அதை இயக்குவது பல்கலைக்கழகம்.

மகளுக்குக் கொடுத்திருப்பது ஆய்வு உதவியாளர் வேலையா, கற்பித்தல் உதவியாளர் வேலையா என்று பாருங்கள். முதலாவது என்றால் பெரும்பாலும் வழிகாட்டியின் மானியத்திலிருந்து வரும். இரண்டாவது என்றால் துறை தரும். மானியம் வழக்கமாக மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குத்தான். படிப்போ ஐந்து, ஆறு ஆண்டு இழுக்கும். ஆகவே, கையிலிருக்கும் மானியம் எந்த ஆண்டோடு முடிகிறது, அது தீர்ந்தால் துறை கைகொடுக்குமா என்று வழிகாட்டியிடமே கேட்கச் சொல்லுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். நல்ல வழிகாட்டி நேராகப் பதில் சொல்வார். அந்தப் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நடுக்கடலில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் அதே தண்ணீரை அளக்கிறார்கள் என்று படித்தேன். அதற்கு ஒரு அரசு ஏன் ஆண்டுக்கணக்கில் பணம் கொட்ட வேண்டும்?
- ஒரு கல்லூரி மாணவர்

பதில்: நீங்கள் சொல்வது அலோஹா நிலையம். ஓவாஹு தீவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், ஏறக்குறைய 4,750 மீட்டர் ஆழமுள்ள இடம். கடலியல் அறிஞர்கள் டேவிட் கார்ல், ரோஜர் லூகஸ் ஆகியோர் முன்னின்று 1988 அக்டோபரில் தொடங்கிய பணி, தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் இன்றுவரை ஓடுகிறது. ஏறக்குறைய மாதம் ஒருமுறை பயணம்.

அங்கே வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். வட்டச் சட்டத்தில் 24 நீர்க்குடுவைகளைப் பொருத்திக் கம்பிவடத்தில் இறக்குவோம். மேலே ஏற்றும்போது, குறித்த ஆழங்களில் ஒவ்வொன்றாக மூடும். சட்டம் தளத்துக்கு வந்ததும் முதலில் ஆக்சிஜனுக்கான மாதிரியைப் பிடித்துவிட வேண்டும். வெளிக்காற்று பட்டால் அளவு மாறிவிடும். நள்ளிரவானாலும், கப்பல் ஆடினாலும், வரிசையை மாற்றக்கூடாது. போன மாதம் செய்த முறையே இந்த மாதமும். அப்போதுதான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

கடல்நீரின் அமிலத்தன்மை பருவத்துக்குப் பருவம் மாறும். மழை குறைந்து உப்பு கூடும் ஆண்டுகளில் வேறு மாதிரி இருக்கும். இரண்டு மூன்று ஆண்டு அளந்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. இருபது ஆண்டு அளந்த பிறகு, 2009-இல் வெளியான ஆய்வில், மேற்பரப்பு நீரின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவீடு, அது குறைந்தால் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) ஆண்டுக்குச் சுமார் 0.0019 குறைகிறது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அதே ஹவாயில் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளக்கும் காற்றின் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது, கடலின் பிஎச் இறங்குகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிவது இந்தத் தொடர்ச்சியால்தான். நடுவில் ஓராண்டு பணத்தை நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு இரண்டு மடங்காகக் கொடுத்தாலும் போன ஆண்டின் தண்ணீரை இனி யாராலும் அளக்க முடியாது. தனியார் கொடையும் வருகிறது, நல்லதுதான். ஆனால் நாற்பது, ஐம்பது ஆண்டு விடாமல் தாங்குவது அரசின் வேலை என்றே நான் நம்புகிறேன்.

நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு அங்கேயே உதாரணம் உண்டு. பைசீஸ் 4, பைசீஸ் 5 என்ற இரண்டு ஆழ்கடல் வாகனங்களை நோவாவின் ஆதரவோடு வைத்திருந்தார்கள். 1941-இல் பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குச் சற்று முன் மூழ்கடிக்கப்பட்ட ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கியை 2002-இல் கண்டுபிடித்தது அந்தக் குழுதான். பின்னால் நோவாவின் பணம் நின்றது. அதற்குப்பின் அந்த வாகனங்களை இயக்கிய ஆய்வுக்கூடம் பழையபடி இயங்கவில்லை. வாகனத்தைக் கொட்டகையில் வைத்துக் காப்பாற்றிவிடலாம். அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

கேள்வி: சரி, இதனால் ஹவாயில் வாழும் சாதாரண ஆட்களுக்கு என்ன லாபம்?
- ஒரு இல்லத்தரசி

பதில்: கடலோரத்தில் வீடு வாங்குபவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கடல்மட்டம் 3.2 அடி உயர்ந்தால் எந்தெந்த இடங்கள் பாதிக்கப்படும் என்பதை இந்தப் பள்ளியின் ஆய்வாளர்கள் கணித்து வரைபடமாக்கினார்கள். யாரும் இணையத்தில் பார்க்கலாம். 2021-இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அந்தப் பகுதிக்குள் இருக்கும் வீட்டை விற்பவர் அதை வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். 2022 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. கரை எவ்வளவு வேகமாக அரிக்கப்படுகிறது என்று இவர்கள் எடுத்த கணக்கை வைத்துத்தான் மாவி, கவாய் தீவுகளில் கரையிலிருந்து எவ்வளவு தள்ளி வீடு கட்டலாம் என்று தீர்மானிக்கிறார்கள்.

இந்த மாதிரி வேலையைக் கரைவாழ் மக்களிடம் கொண்டுசேர்க்க 'சீ கிராண்ட்' என்றொரு திட்டம் இருக்கிறது. 1966-இல் வந்த சட்டம். மத்திய அரசு இரண்டு டாலர் தந்தால் உள்ளூரில் ஒரு டாலர் திரட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. தன் பங்கைப் போட்டிருப்பதால், என்ன ஆய்வு வேண்டும் என்று ஊரும் உரிமையோடு கேட்கிறது.